இடம் விட்டுக் கட்டிய மரங்கள்

என் அன்பு மாமாவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உன்னை ஒருநாள்கூட நான் பாராட்டியதில்லை. நேற்றுக் காலை ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்த பிறகு, அந்தக் கடனைத் தீர்க்காமல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நம்ம தெருக்கோடி ஏரிதான். குப்பை லாரிகள் வரிசையாக நின்று கொட்டிவிட்டுப் போன அதே ஏரி. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க ஓடிய அதே கரை. இப்போது அது பெரிய பூங்கா, மாமா. வாசலில் சீட்டு வாங்க வேண்டும். படகு விடுகிறார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் எண்ணூர் புகைபோக்கிகள் அப்படியே நிற்க, இந்தப் பக்கம் கொக்கும் நாரையும் இறங்கி மேய்கின்றன. திருவொற்றியூர் என்றாலே பெண் கொடுக்க யோசித்தார்களே, அந்த ஜனங்கள் அண்ணா நகரிலிருந்து காரில் வந்து நம்ம கரையில் நடக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் இத்தனை நாள் அந்தப் பக்கமே போகவில்லை. வண்ணாரப்பேட்டையில் மகள் வீட்டோடு இருக்கிறேன், தூரம் என்று ஊருக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இல்லாத கரையைப் பார்க்கப் பயம், அதுதான் நிஜம். அக்காவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், துணைக்கு வாடா என்றாள். உன் பெண்டாட்டி சொன்னால் மறுக்க உன்னாலேயே முடிந்ததில்லை, தம்பி நான் எம்மாத்திரம்?

மரங்களைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டாள். உன் பூவரசும் புங்கையும் நாவலும் வளர்ந்து, ஒன்று விடாமல் மேற்கே சாய்ந்து நிற்கின்றன. பந்தியில் பக்கத்து இலையில் என்ன விழுந்தது என்று எட்டிப் பார்ப்பவர்கள் மாதிரி.

ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் நாம் இரண்டு பேரும் கலாசிகள். வருகிற கப்பலைக் கயிறு போட்டுக் கரையோடு கட்டுவது நம்ம வேலை. லீவு நாளில் நீ மட்டும் கன்றுகளைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரைக்கு வருவாய். கழித்துப்போட்ட கப்பல் கயிற்றைப் பிரித்து, கன்றை மூங்கிலோடு கட்டுவாய். அதையும் கப்பலைக் கட்டுகிற மாதிரியே தொளதொளவென்று கட்டுவாய். சரக்கு இறங்க இறங்கக் கப்பல் மேலே எழும்பும், அதற்கு இடம் விடாவிட்டால் கயிறு தெறிக்கும். சரி. மரத்துக்கு எதற்கு அந்த இடம்? கடல்காற்று அடிக்க அடிக்கக் கன்றெல்லாம் சாய்ந்தது.

“மரம் இன்னா கப்பலா மாமா? சரக்கு எறக்கிட்டா மேல வரப்போவுதா?” என்று கரையோர டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டேன். டீக்கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் அடுத்த கன்றையும் அப்படியேதான் கட்டினாய்.

நேற்று அந்தச் சாய்வே வினையாகி நின்றது. இருப்பதிலேயே பெரிய பூவரசு, பாதைக்கு மேலே நன்றாகக் கவிந்திருக்கிறது. அதன் இடுப்பில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி. ரம்பத்தோடு இரண்டு பேர் தயாராக நிற்க, பூங்கா சூப்பர்வைசர் கையில் காகிதத்தோடு நின்றார். நடக்கிறவர்கள் தலையில் விழுந்துவிடும் என்று புகார் வந்ததாம். அவரைக் குறை சொல்ல முடியாது, தன்மையாகத்தான் தள்ளிப் போகச் சொன்னார்.

அக்கா தள்ளிப் போகவில்லை. மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சண்டை பிடிக்கவில்லை, அழவும் இல்லை.

“இது எங்க வூட்டுக்காரரு வெச்சது சார். நிமுந்து நிக்கல, அவ்ளோதான். அதுக்கு வெட்டுவாங்களா?”

நான் வாதாட வாயைத் திறந்தேன். நீ தப்பாகக் கட்டினாய் என்று இத்தனை வருஷம் ஊர் முழுக்கச் சொன்னவன் நான். எந்த முகத்தோடு உனக்காகப் பேசுவது?

பேசியது தோட்ட வேலை செய்கிற அம்மா ஒருத்தி. அமுலு என்று பெயர், வியாசர்பாடியிலிருந்து வருகிறாள். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நேராக சூப்பர்வைசரிடம் வந்தாள்.

“போன புயல்ல இன்னா ஆச்சுன்னு பாத்தவ நானு சார். டைட்டா கட்டி நேரா நிக்க வெச்ச மரம்லாம் அடியோட பூட்ச்சு. இது ஆடிக்கினே நின்னுச்சு.”

விழுந்த மரங்களை அள்ளிப் போட்டவள் அவள். இறுக்கிக் கட்டி வளர்த்ததெல்லாம் அடித்தண்டு ஒல்லியாகவே இருந்ததாம். காற்றில் ஆடிப் பழகிய மரம் அடியில் பருத்து வேரை இறுக்கிக்கொள்ளும் என்று சொல்லி, உன் பூவரசின் அடியைத் தட்டிக் காட்டினாள். சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். சுற்றிவந்து, வேர் பக்கம் மண்ணை மிதித்தும் பார்த்தார். பிறகு யாருக்கோ போன் போட்டு நெடுநேரம் பேசினார். வெட்ட வேண்டாம், முட்டுக் கொடுத்துக் கட்டிவிடலாம் என்றார்.

நாங்கள் சிரித்த உன் தப்பு, தப்பே இல்லை. அது உனக்குத் தெரிந்திருந்ததா, இல்லை கப்பல் கட்டிய கை தன் பழக்கத்தில் செய்ததா? கேட்கலாமென்றால் நீ இல்லை.

முட்டுக் கொடுக்கும் கட்டை வந்தது. அமுலு கயிற்றோடு வர, நான் கட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ரிட்டயராகி எத்தனையோ வருஷம் கழித்துக் கையில் கயிறு. எங்கே விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன்.

“எடம் வுட்டுக் கட்டுடா,” என்றாள் அக்கா.

அவிழ்த்தேன். நாலு விரல் இடம் விட்டுத் திரும்பக் கட்டினேன்.

வாசலில் பெரிய கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். யார் யார் பெயரோ இருக்கிறது, உன் பெயர் இல்லை. எனக்கு ஆத்திரம் வராமல் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது பார்த்தேன். வெயில் ஏறிவிட்டது, அத்தனை பெரிய பூங்காவில் அத்தனை பேரும் உன் மரங்களுக்குக் கீழேதான் நடந்துகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களுக்கு நடுவில், சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடந்தாள். நான் பின்னாலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

மரம் பருக்கப் பருக்கக் கயிறு பட்டையை அறுக்கும். அதனால் வருஷா வருஷம் உன் நினைவு நாளில் வந்து, அதை அவிழ்த்து, இடம் விட்டுக் கட்டுவேன். என்னால் முடியாமல் போனால் அமுலு கட்டுவாள். அந்த முடிச்சை நேற்றே கேட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். யாருடைய முடிச்சு என்று கேட்டாள், உன் பெயரைச் சொன்னேன்.

அன்று டீக்கடையில் முதலில் சிரித்தவன்,
உன் மச்சான்
ஏழுமலை