கடற்கரையில் பாடிய தேன் பாட்டு

திருகோணமலை

என் அன்பான அம்மாவுக்கு, மகள் சுதர்சிகா எழுதுவது. நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? இலங்கைத்துறையில் மழை பெய்ததா?

எங்கள் மீன் பதனிடும் வேலைத்தலத்துப் பெண்கள் ஞாயிறு பின்னேரங்களில் கடற்கரையில் கூடி, அவரவர் ஊர்ப் பாட்டும் கதையும் சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். நான் வேடர் என்று தெரிந்தால் சிரிப்பார்களோ என்று பயம். போன கிழமை துறைமுக விளக்குகள் தண்ணீரில் நீளமாக அசைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தபடியே, சடங்கில் முன்னோரை அழைத்து நீங்கள் பாடும் தேன் பாட்டை என்னை அறியாமல் பாடத் தொடங்கிவிட்டேன். அலைகூட மெதுவாகத்தான் வந்தது போலிருந்தது. பாதியில் அடி மறந்துபோனது.

ஒரே அறையில் தங்கியும் என்னோடு அதிகம் கதைக்காத நிரோஜினி, "நிப்பாட்டாதேங்கோ" என்று சொல்லி, தேத்தண்ணி கொண்டுவந்த வாளியைக் கவிழ்த்துத் தாளம் தட்டினாள். தெரிந்த அடியையே எல்லோரும் திரும்பத் திரும்பப் பாடினோம்.

"இது ஆரின்ட பாட்டு?" என்று நிரோஜினி கேட்டாள்.

"எங்கட பாட்டு. நாங்கள் வேடர்."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை? எனக்கும் பழக்கிவிடுங்கோ."

அறைக்கு வந்ததும் தன் பாயை என் பாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ரஞ்சன் அண்ணாவிடம் எனக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய் கொடுத்துவிடுங்கள். அவருடைய போனில் அந்தப் பாட்டை முழுதாகப் பாடிப் பதிந்துவிடுங்கள். நடுவில் கோழி கத்தினாலும், அப்பா கூப்பிட்டாலும் நிறுத்த வேண்டாம். அந்தச் சத்தமும் எனக்கு வேண்டும்.

பஸ் வெளிக்கிடுகிறது, அண்ணா கடிதத்துக்குக் கை நீட்டுகிறார்.

உங்கள் மகள்
சுதர்சிகா