வீடிழந்தவர்கள் என்று வாசித்த நாட்கள்

ஜூலை 9

இன்றும் வானொலியில் முதல் செய்தி வெள்ளம்தான். "ஆற்றின் கரை உடைந்தது. வீடிழந்த குடும்பங்கள் பள்ளியில் தஞ்சம்" என்று வாசித்தேன். வீடு திரும்பினால், அக்கா போர்வைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம தையல்காரம்மாவும் அங்கதான்டி இருக்காங்க. நீ வாசிச்சதக் கேட்டதும் மனசு பொறுக்கல."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலை 15

தலைப்பு மாறிவிட்டது. "பள்ளி திறப்பது எப்போது? பெற்றோர் தவிப்பு." பொய் ஒன்றும் இல்லை, அக்கா மகனுக்கும் பாடம் போகிறதுதான். ஆனால் வெள்ளம் என்ற சொல்லே இன்று என் வாயில் வரவில்லை.

ஜூலை 16

"இன்னும் எத்தன நாளைக்குத்தான் அங்கயே உக்காந்திருப்பாங்களாம்?" — அக்கா, சாப்பிடும்போது.

ஜூலை 21

வாசிக்கத் தந்த தாளில், பள்ளியில் இருப்பவர்களை "ஆக்கிரமிப்பாளர்கள்" என்று போட்டிருந்தது. செய்தி ஆசிரியரிடம் போனேன்.

"சார், அவங்க வீடு போனவங்க. மாத்து இடம் தர்றோம்னு சொன்ன அதிகாரிங்கள நாம ஒரு வார்த்த கேக்கலையே?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது பழைய செய்திம்மா. ஜனங்க இப்பக் கேக்கறது ஸ்கூலத்தான்."

ஜனங்கள் கேட்கிறார்களா, நாம் கேட்க வைத்தோமா?

வாசித்தேன். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 23

தெருமுனையில் கூட்டம். பால்காரர், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு வாத்தியார். எல்லாரும் நல்லவர்கள். "ஆக்கிரமிப்பாளர்களே, வெளியேறுங்கள்!" நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் அழுத்துகிற இடத்தில் அழுத்திக் கத்தினார்கள். அக்காவும் நின்றாள்.

"தையல்காரம்மாவும் ஸ்கூலுக்குள்ளதானே இருக்காங்க?" என்றேன்.

"ஐயோ, அவங்க தங்கமானவங்க. நான் அவங்களச் சொல்வேனா?"

பின்ன யாரச் சொல்ற? வாய்வரைதான் வந்தது.

ஜூலை 25

பள்ளியின் தண்ணீர்க் குழாயை யாரோ உடைத்துவிட்டார்கள். செய்தியில் வரவில்லை.

ஜூலை 27

காலையில் காலி செய்தாயிற்று. "பள்ளி மீட்பு." வாசித்துவிட்டு மதியம் வீட்டில் இருந்தேன். கதவு தட்டும் சத்தம். தையல்காரம்மா. புருவத்தின் மேல் ரத்தம் காய்ந்திருந்தது. இடுப்பில் பேத்தி.

"புள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

எதிர்வீட்டு ஜன்னலில் வாத்தியார். பக்கத்து ஜன்னலிலும் யாரோ.

உள்ளேயிருந்து அக்கா, "யாருடி அது?"

"யாரோ. ஸ்கூல ஆக்கிரமிச்சிருந்தவங்க."

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தானாகவே வந்தது.

அந்த அம்மா இரண்டாவது தடவை கேட்கவில்லை.