‘உள்தாழ்ப்பாள்’ பார்த்தவர்கள்

அன்புள்ள கிளைமாக்ஸுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் முதல் பாதி பொய்யாகிவிடும். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். இத்தனை வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும், சமாதானத்துக்கு வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலிருந்து உன்னை வெளியேற்றியது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். படம் பார்க்காதவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது. நமக்கு இருந்த ஒரே சட்டம் அது. அதை உன்னால் ஒரு வாரம்கூடக் காப்பாற்ற முடியவில்லை. மாலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து நான் சட்டைப்பையில் வைத்திருந்தபோது, "கொன்னது அந்த வக்கீல்தான்டா, காசை வீணாக்காதே" என்று கடலை மென்றுகொண்டே சொன்னவன் நீ. உனக்குக் கிளைமாக்ஸ் என்று பெயர் வைத்தது நான். பதிலுக்கு நீ எனக்கு வைத்த சென்சார் என்ற பெயர் கல்லூரிவரை போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால், பின்னால் யாராவது கத்தரி மாதிரி விரலை ஆட்டுகிறார்கள்.

கைபேசி நான் இன்னும் வாங்கவில்லை, டைரியில் இருந்த உன் எண்ணையும் அன்றைக்கே அடித்துவிட்டேன். அதனால் நீ ஊர் மாறியபோது என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போன முகவரிக்கு எழுதுகிறேன். எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அது உன் ஒருவனால்தான் ஆகும்.

கூட்டம் இன்னும் என் மைத்துனரின் பல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஞாயிறு மதியம் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும், அவர்கள் காத்திருந்த அதே நாற்காலிகளில் நாங்கள் நால்வரும் உட்காருகிறோம். முறை மாறவில்லை. ஒவ்வொருவரும் ‘பார்த்தேன்’ அல்லது ‘விட்டேன்’ என்று சொல்ல வேண்டும். விட்டவர் காரணம் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரர் நீளமான படங்களையெல்லாம் விட்டுவிடுகிறார். சர்க்கரை, ஒரே இடத்தில் உட்கார முடிவதில்லை. வேதியியல் டீச்சர், ஆய்வுக்கூடத்தில் ஊதா நிறப் புகை கிளம்பும் எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை என்று கொள்கை வைத்திருக்கிறார். மைத்துனர் மட்டும் எதையும் விட்டதில்லை. எந்தப் படத்தைச் சொன்னாலும், "பார்த்தாச்சு மாப்ளே" என்பார். கதாநாயகிக்குக் கடைவாய்ப் பல் கட்டியிருக்கிறார்கள், வில்லனுக்கு ஈறு சரியில்லை, இதுதான் அவருடைய விமர்சனம். அதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் ஒளிப்பதிவைப் பற்றி வாயைத் திறந்தால் டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இந்த வருஷம் துறைத் தலைவர் பதவியும் என்னைத் தாண்டிப் போய்விட்டது. என்னிடமே புள்ளியியல் படித்த பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவள் இன்னும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறாள். அதுதான் பொறுக்கவில்லை. அந்த வாரக் கூட்டத்தில் மைத்துனர் எல்லோர் முன்னாலும், "மாப்ளைக்குப் பிடிச்ச படம்னு உலகத்துல ஒண்ணு கிடையாது, பிடிச்ச ஆளும் கிடையாது" என்றார். இந்த மனுஷனின் புளுகை ஒருநாள் அம்பலமாக்குவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

அடுத்த ஞாயிறு மற்ற இருவரும் வரவில்லை. நல்ல சமயம் என்று, இல்லாத ஒரு படத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். பெயர் ‘உள்தாழ்ப்பாள்’. அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்த பெயர். வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர் வேலை முடிந்து வருகிறார், கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. அவ்வளவுதான் சொன்னேன். மைத்துனர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "பார்த்தாச்சு" என்றார். மாட்டினார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு அவர், "அந்த ஆளோட சட்டைக் காலர் பின்னாடி பச்சை நூல்ல ஒரு தையல் வருமே, அதை ஏன் அவ்வளவு நேரம் காட்டினாங்கன்னு கடைசிலதான் எனக்கு விளங்குச்சு" என்றார்.

என் மனைவி, நீ தங்கச்சி என்று கூப்பிட்டவள், பிரசவத்துக்காக இரண்டாவது மாதமாக மகள் வீட்டில் இருக்கிறாள். உன் ஊரிலிருந்து ரயிலில் போகிற தூரம்தான். கிளம்புகிற அவசரத்தில் என் சாம்பல் நிறச் சட்டையின் கிழிந்த காலரைக் கையில் கிடைத்த பச்சை நூலால் தைத்து, மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சட்டையை நான் அதுவரை வெளியே எடுக்கவே இல்லை.

தற்செயல் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர், "இந்த வாரம் ‘உள்தாழ்ப்பாள்’ பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். டீச்சரும் பார்த்திருந்தார். மூன்று பேரும் கூடிப் பேசிக்கொண்டு என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து, எழுந்து வெளியே வந்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருக்கும் பழைய திரையரங்கின் சுவரில் சுவரொட்டி ஒட்டியிருந்தது. பழுப்பு வண்ணம் பூசிய ஒரு கதவு. கீழே பெயர். நடிகர் பெயர் எதுவும் இல்லை.

மதியக் காட்சிக்கு உள்ளே போனேன். அந்த ஆளின் முகத்தை ஒரு முறைகூடக் காட்டவில்லை, கேமரா முதுகுக்குப் பின்னாலேயே போகிறது. காலரில் பச்சைத் தையல். படிக்கட்டில் என் வீட்டுக் கைப்பிடி, நான் கயிறு கட்டி வைத்திருக்கும் அதே உடைந்த கைப்பிடி. அவர் சாவியைத் திருப்புகிறார். பூட்டு திறக்கிறது, கதவு திறக்கவில்லை. தட்டுகிறார். உள்ளே செருப்புச் சத்தம் வந்து, கதவுக்கு மறுபக்கம் நிற்கிறது. மூச்சு விடுவது கேட்கிறது. பிறகு தாழ்ப்பாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. அங்கே இடைவேளை. விளக்குகள் எரிந்தன. முன்வரிசையில் இருந்த தம்பதி எழுந்து, திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கணவரின் காதில் ஏதோ சொன்னார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு பாப்கார்ன் வாங்கப் போனார்கள்.

இடைவேளையில் எழுந்து போகிறவர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அன்று நானே எழுந்து வந்துவிட்டேன். மனதைத் தேற்றிக்கொண்டு மறுநாள் போனால் வேறு படம் போட்டிருந்தார்கள்.

இப்போது ஊரில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். என்னிடம் எல்லோரும் அன்பாக நடந்துகொள்கிறார்கள். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் துறைத் தலைவி, "சார், எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிவு என்ன என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "நீங்க போட்ட சட்டம்தானே சார்" என்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒருமுறை, "அந்தம்மா பெட்டியோட வந்து இறங்கினதுக்கு அப்புறம்தான் எனக்கு..." என்று ஆரம்பித்தார். "சார் இன்னும் பார்க்கல" என்று டீச்சர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

போன வாரம் கல்லூரியிலிருந்து வந்தபோது என் வீட்டுக் கதவும் உடனே திறக்கவில்லை. மழைக்கு மரம் உப்பியிருக்கும். தோளால் தள்ளினேன், திறந்துகொண்டது.

மாதக் கடைசியில் அவள் வருகிறாள். பெட்டியோடுதான் வருவாள். அவள் வரலாமா, வரக் கூடாதா? எனக்கு அது தெரிய வேண்டும். உன் ஊரில் படம் இப்போது ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார். முடிவைச் சொல். உன் வாழ்நாளில் நீ ஒரு முடிவையும் மறைத்தவன் இல்லை. இதையும் மறைக்காதே.

இப்படிக்கு,
சென்சார்

*

அன்புள்ள நண்பனுக்கு,

உன் பதில் கிடைத்தது. உறையைப் பிரிப்பதற்கு முன்பே தடவிப் பார்த்தேன், மெலிசாக இருந்தது. "பார்த்தேன். மன்னிச்சுக்கடா. சொல்ல மாட்டேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். இத்தனை காலம் யாரையும் நிம்மதியாக ஒரு படம் பார்க்க விடாதவன், கடைசியில் சட்டத்தை மதிக்கக் கற்றுக்கொண்டது இந்தப் படத்துக்குத்தானா என்று முதலில் வயிறெரிந்தது. உன்னை இன்னொரு முறை வெளியேற்றினால் என்ன என்றுகூடத் தோன்றியது.

அன்று மாலை அவள் கல்லூரி எண்ணுக்கு அழைத்தாள். பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டதாகச் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, குழந்தைக்குச் சளி என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அழுதுகொண்டே, "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். நீ அவளிடம் சொல்லிவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். என்னிடம் மறைத்துவிட்டு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறாய். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை யாருக்கும் எழுதியதில்லை. பத்திரமாக வைத்துக்கொள்.

நான் இப்போது மைத்துனரின் மருத்துவமனையில் தங்கியிருக்கிறேன். கதவு உப்பியதால் அல்ல. இப்போது தள்ளினாலும் திறப்பதில்லை, உள்ளே தாழிட்டிருக்கிறது. மாடி வீட்டுப் பையன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளதானே இருக்கீங்க சார், பேப்பர் படிச்சிட்டு" என்று சொல்லிக்கொண்டே திரும்பி, வெளியே நின்ற என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் எங்கள் படிக்கட்டில் ஏறுவதே இல்லை, பின்பக்க இரும்பு ஏணி வழியாகத்தான் போகிறான்.

மைத்துனர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவியைக் கையில் வைத்துவிட்டு, "இங்கேயே இருங்க மாப்ளே, யாரு என்ன கேக்கப்போறா" என்றார். என் வாயைத் திறக்கச் சொல்லி, வெகுநாளாகத் தொந்தரவு கொடுத்த பல்லையும் அடைத்துவிட்டார். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் என் தலைமேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். கேலி செய்யும்போது அவரைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. இது முடியவில்லை.

முடிவை நான் இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை. இப்போது எழுதுவது வேறு ஒன்றுக்காக. இதைப் படித்ததும் தயவுசெய்து கிளம்பு.

இன்று காலை அவளிடம் பேசலாம் என்று மருத்துவமனைத் தொலைபேசியிலிருந்து அழைத்தேன். எடுத்ததுமே சிரித்தாள். "இப்பதானே வச்சீங்க, அதுக்குள்ள மறுபடியுமா?" என்றாள். நான் பேசவில்லை என்றேன். "போதும் உங்க விளையாட்டு, வீட்டு நம்பர்தானே காட்டுச்சு" என்றாள். மூன்று நாளாகத் தினமும் காலையில் வீட்டு எண்ணிலிருந்து நான் அழைக்கிறேனாம். அரை மணி நேரம் பேசுகிறேனாம். நீ சொன்னதெல்லாம் யாரோ எடுத்த ஒரு படத்தின் கதை, அதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று நானே அவளுக்கு எடுத்துச் சொன்னேனாம். டிக்கெட்டை மறுபடி போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். நான் வேண்டாம் என்று கத்தினேன். அவள், "பழையபடி ஆரம்பிச்சுட்டீங்களா? இப்பதான் அவ்வளவு நல்லா பேசினீங்களே" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் என் அழைப்பை எடுக்கவில்லை. மகளும் எடுக்கவில்லை.

ஆகவே நீ நேரில் போ. தொலைபேசியில் சொல்லாதே, குரலை இனி அவள் நம்பக் கூடாது. யார் குரலையும். துரித அஞ்சலில் அனுப்புகிறேன், வியாழக்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும். இந்தத் தாளை அவள் கையில் கொடு. எழுத்து என்னுடையது என்று அவளுக்குத் தெரியும், பேனாவை அழுத்தி எழுதித் தாளைக் கிழிக்கிறவன் நான் ஒருவன்தான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும். அந்த வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம். பேரனை அவளே வளர்க்கட்டும். அவனுக்கு என் ஆசிகளைச் சொல். உன் குடும்பமும் நன்றாக இருக்கட்டும்.

அப்படியும் அவள் நம்ப மறுத்தால், காலையில் தொலைபேசியில் நான் என்ன சொன்னேன் என்று அவளைக் கேள். என்னிடம் அவள் சொன்னாள், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். "நீ இல்லாம இந்த வீடு வீடாவே இல்லம்மா, சீக்கிரம் வந்துடு" என்றேனாம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மாதிரி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து ஒருமுறையாவது வந்திருக்கிறதா என்று அவளையே கேள். அவள் யோசித்துப் பார்க்கட்டும். பார்த்தால் தெரிந்துவிடும், அது நான் இல்லை என்று.

இப்படிக்கு,
சென்சார்