மூடாத தாழி

மித்ராவின் அப்பாவுக்கு,

அல்சூரில் பிள்ளைகளுக்கு நாம் தொடங்கிய சனிக்கிழமை வகுப்பு இன்னும் நடக்கிறது. முன்பெல்லாம் நீங்கள் பழங்காலத்துக் கதை சொல்வீர்கள், நான் தினைமாவில் தேன் விட்டுப் பிசைவேன். கதை முடிவதற்குள் பிள்ளைகள் பாதி மாவைத் தின்றிருப்பார்கள். எனக்கு உங்களைப் போலக் கதை சொல்ல வரவில்லை என்று இப்போது என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள்.

இன்று களிமண்ணில் சின்னச் சின்ன முதுமக்கள் தாழிகள் செய்தோம். இறந்தவருக்கு வேண்டியதையெல்லாம் உள்ளே வைத்துப் புதைப்பார்கள் என்றேன். எல்லாரும் நெல்லும் பாசிமணியும் போட்டார்கள். நம் மகள், நீங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போன வாசல் சாவியைப் போட்டாள்.

"உங்கப்பா செத்துட்டாரா?" என்று சீனு கேட்டான்.

"இல்லடா. அவர் வர்ற வரைக்கும் பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்."

மற்றத் தாழிகளையெல்லாம் மூடிவிட்டோம். அதை மட்டும் நான் மூடவில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா