இஞ்சின் தோளில் ஏறாத குளிர்

மச்சான்,

பட்டறையில் சுவிட்சைப் போட்டதும் முதலில் வந்தது குளிர் இல்லை, உன் தைல வாடை. நம் பழைய டீசல் ஜீப்பின் டேஷ்போர்டில் மூடி சரியில்லாத தைலப் பாட்டிலை வைத்து, மேடு பள்ளத்தில் அதைக் காற்றுத் துவாரத்துக்குள் கவிழ்த்துக்கொண்டே இருப்பாயே, அது இத்தனை நாளும் உள்ளேயே தங்கியிருக்கிறது. கெலாங் பாத்தா ஊர் மெக்கானிக் தும்மினான். வாடை வெளியே போய்விடக்கூடாதென்று நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

ஆமாம், உன் ஜீப்பில் ஏர்கோன் போட்டுவிட்டேன். கோபப்படாதே, முழுக்கக் கேள்.

நீ கண்ணை மூடிய பிறகு சரோஜா ஜீப்பை விற்கச் சொன்னாள். "நான் உக்கார முடியாத வண்டி எனக்கு எதுக்குண்ணே?" உன் மனைவி சொன்னதில் தப்பில்லை. அந்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு வெக்கை பட்டாலே அவளுக்கு மயக்கம் வந்துவிடும். ஞாயிறுதோறும் நாம் செடெனாக் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி ஆற்றங்கரைக்கு மீன் பிடிக்கப் போவோம். அவள் வாசலோடு நின்றுவிடுவாள்.

நீயும் ஒருமுறை முயன்றாய். இஞ்சின் பெல்ட்டில் ஓடும் ஏர்கோனை மாட்டி, தீபாவளிக்கு மறுநாள் அவளை ஏற்றினாய். தோட்டத்து மேட்டில் வண்டி திணறி, ரேடியேட்டர் கொதித்து நின்றது. ஆறவிட்டு, இருந்த குடிதண்ணீரையெல்லாம் ஊற்றியும் போதாமல், ஃபிளாஸ்கில் இருந்த பாலில்லாத தேநீர், அந்தத் தே ஓவையும் ஊற்றினாய்.

"சீனி போடாததுதான், குடிக்கட்டும் லா!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் சரோஜா கண் சொருகிக் கிடந்தாள். அன்று மாலையே அதைக் கழற்றி எறிந்தாய். "இஞ்சின் தோள்ல ஏறாத ஏர்கோன் வந்தா சொல்லு, போட்டுக்கலாம்" என்றாய். அதன்பின் நீ அவளை அழைக்கவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

வந்துவிட்டது மச்சான். இதற்குப் பெல்ட்டே கிடையாது. பின் சீட்டுக்கு அடியில் தனி பாட்டரி, அதில்தான் கம்ப்ரசர் ஓடுகிறது. டேஷ்போர்டில் ஒரு துளைகூடப் போட விடவில்லை நான்.

போன ஞாயிறு அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பயம் எனக்குத்தான். தோட்டத்து நடுவில் குளிர் நின்றால் அவளை எங்கே கொண்டு ஓடுவது? மேட்டில் இஞ்சின் வெப்பமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. இறக்கத்தில், முதல்நாள் மழையில் பாதை முழங்கால் தண்ணீராய்க் கிடந்தது. தண்ணீரில் இறங்குமுன் ரேடியேட்டர் காத்தாடியை நிறுத்திப் பழகிய என் கை, யோசிப்பதற்குள் ஏர்கோனை நிறுத்திவிட்டது.

"ஐயோ, ஏண்ணே? கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. ரேடியேட்டர் மாதிரி முன்னால அதுக்கும் ஒரு காத்தாடி இருக்கு. தண்ணிக்குள்ள சுத்துனா ஒடஞ்சிரும்."

"ஓ... 'தண்ணி வருது, காத்தாடிய நிறுத்து'ன்னு அவரு தூக்கத்துல கத்துவாரு. என்னமோன்னு நெனச்சேன்."

அக்கரை ஏறி மறுபடி போட்டேன். இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு சில்லென்று வந்தது பார், அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆற்றங்கரையில் இறங்கி நிழலில் நின்று சுற்றிலும் பார்த்தாள். சேறு, நாம் உட்காரும் பாதி உளுத்த பலகை, அவ்வளவுதான்.

"அலமாக்! இதப் பாக்கவா வாரா வாரம் என்னை விட்டுட்டு ஓடி வந்தாரு?"

சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள். நானும்தான். பிறகு வண்டியில் ஏறி, முகத்தைக் குளிர்காற்றுக்கு நேராகக் காட்டிக்கொண்டு கேட்டாள்: "அடுத்த ஞாயித்துக்கெழம எனக்கும் ஒரு தூண்டில் எடுத்துட்டு வரீங்களாண்ணே?"

ஜீப் விற்பனைக்கு இல்லை, மச்சான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

தைல வாடை கொஞ்ச நாளில் போய்விடும். ஆனால் தண்ணீரைக் கண்டதும் சுவிட்சுக்குத் தாவும் இந்தக் கை இருக்கிறதே, நான் காத்தாடியை நிறுத்த மறந்தபோதெல்லாம் நீ பளீரென்று அடித்த கை, அது எங்கும் போகாது.