சுகுணாவின் மெக்சிகோ முட்டை

ஜூலை 14, திங்கள்

காலை ஆறரைக்கே புழுக்கம். பஸ்ஸில் இடமில்லை, தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டை வரை நின்றபடியே. அரிசி இறக்கம். துவரம்பருப்பு ஒரு மூட்டை குறைவு, போன் செய்ய வேண்டும்.

பதினொரு மணிக்கு எச்.ஆர். கோகுல் சார் நேராகக் கேண்டீனுக்கே வந்தார். மெக்சிகோ பிளான்ட்டிலிருந்து புது லைன் போட வந்த மூன்று பேரும் சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார்களாம். வெள்ளி மாலை நான்கு மணிக்குப் பார்ட்டி. அறுபது பேர். சமோசாவும் கேக்கும் வெளியில் சொல்லியாயிற்று.

"அவங்க ஊரு டேஸ்ட்ல ஒரு ஸ்டார்ட்டர் மட்டும் நம்ம கேண்டீன்ல பண்ணணும் மேடம்."

போனில் வீடியோ. அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்துப் பிசைந்து, மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்து, பூப் போல மறுபடி நிரப்புகிறார்கள். பெயர் டெவில்ட் எக்.

"பிசாசு முட்டையா சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மாஸ்டர் சுகுணாவிடம் காட்டினேன். ஒரே முறை பார்த்தாள். "உள்ள கீறத காலி பண்ணி, வெள்ளையடிச்சி, திரும்ப குடி வெக்கிறாங்க. அவ்ளோதானேக்கா" என்று சாம்பார் அண்டாவுக்குத் திரும்பிவிட்டாள்.

நான் இங்கே சூப்பர்வைசராக வந்து மூன்று மாதம்தான். இதற்கு முன் நான்கு கேண்டீன் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. நானூறு பேருக்குச் சமையல், குரல் உயராது. பருப்பு கொதிக்கும் சத்தத்தைக் கேட்டே அடுப்பைத் தணிக்கச் சொல்வாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். பொறாமையும் கொஞ்சம் உண்டு. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். முழங்கால் வலி. தைலம் வாங்க மறந்தேன்.

முட்டைக்குத் திட்டம். சுகுணா சொல்ல, நான் எழுதினது:

மயோனைஸ் வேண்டாம், வெயிலில் நம்ப முடியாது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர்.
மெக்சிகோ மிளகாய்க்குப் பதில் நம் நீட்டு மிளகாய். தவாவில் சுட்டு, ஊறவைத்து, அரைத்து.
எலுமிச்சைச் சாறு, தோலின் பச்சை மட்டும் துருவி.
கொத்தமல்லி. இலை மேலே, தண்டு உள்ளே.
ஸ்வீட் கார்ன், தவாவில் வாட்டி, முட்டைக்கு ஒரு முத்து.
கோகுல் சார் அனுப்பிய பட்டியலில் இருந்த பட்டர் ஃப்ரூட் ரத்து. "நாலு மணிக்குள்ள கறுத்துப்பூடும். பார்ட்டில இழவு ஊடு மாதிரி இருக்கும்" என்றாள்.

இந்த ஊர் மிளகாயை எடுத்து எந்த ஊர் பாஷையோ பேசவைக்கிறாள். நான் கேட்டரிங் படித்தவள். எனக்கு இது தோன்றவில்லை.

ஜூலை 16, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் சோதனை. ஆறு முட்டை. நான் ஸ்டோரிலிருந்து வந்தபோது சுகுணா கிண்ணத்தில் பிசைந்துகொண்டிருந்தாள். வாசலிலேயே எனக்குக் கருவாட்டு வாடை. யாரோ நெத்திலிப் பொட்டலத்தைப் பிரித்தபடியே ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள், தயிருக்குப் பக்கத்தில். தயிர் முழுக்க ஏறிவிட்டது. அவளோ விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "உப்பு சரியா கீது, புளிப்பு சரியா கீது, காரம் கொஞ்சம் ஏத்தணும்" என்றாள். முகத்தில் சுளிப்பே இல்லை.

"வாசன?"

"சூப்பரா கீதுக்கா."

கிண்ணத்தை அவள் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அவள் கண் கிண்ணத்தில் இல்லை, என் முகத்தில். என் முகத்தைப் பார்த்து விடை தேடுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"இன்னாக்கா? கெட்டுப்பூட்ச்சா?"

ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னாள்.

"போன வருசம் ஆடில ஒரு காய்ச்ச. பத்து நாளு. எந்திரிச்சி பாத்தா மூக்கு செத்துப்பூட்ச்சி. சோத்த வாய்ல வெச்சா உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, காரம் எரியுது. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. பஞ்ச மெல்ற மாதிரி கீது."

"டாக்டர பாத்தியா?"

"ரெண்டு பேர பாத்தேன். வந்தாலும் வரும்னாங்க. ஊட்ல அவருக்குத் தெரியும். இங்க யாருக்கும் தெரியாது. மூக்கு இல்லாத சமையக்காரிய யாருக்கா வெச்சிக்குவாங்க? நாத்து நட்டுக்கினு இருந்தவ நானு. இங்க காய் அரிய வந்து, ஆறு வருசத்துல மாஸ்டர் ஆனேன்."

"கேஸ் லீக் ஆனா இன்னா பண்ணுவ?" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"தெனம் காலைல ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி தடவி, குமிழி வருதான்னு பாத்துட்டுதான் பத்த வெக்கிறேன். மூக்கு இருந்தப்ப ஒரு நாளும் பாத்ததில்ல."

ஒரு வருடம். நானூறு பேர். அவள் சாம்பாரை நானே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

பிசைந்ததைக் கொட்டினோம். துவரம்பருப்பு வந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாயிற்று. வரும் வழியெல்லாம் கோயில் மைக்.

கேண்டீன் காண்ட்ராக்ட் மேனேஜர் சம்பத் சாரிடம் சொல்ல வேண்டியது என் கடமை. பஸ் முழுக்க அதே யோசனை. முதல் வேலையாகப் புகார் நோட்டை எடுத்துப் போன ஆடியிலிருந்து புரட்டினேன். சப்பாத்தி கல். சோறு லேட். பொரியலில் முடி. வாசனை பற்றி ஒன்றே ஒன்று: பாயசம் அடிப்பிடித்த நாற்றம். அது அவள் காய்ச்சலிலிருந்து வந்த முதல் வாரம். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அவளையே கேட்டால், பால் கொதிக்கும்போது அவள் வேறு யாரிடமும் கரண்டியைக் கொடுப்பதில்லையாம். அடியில் கரண்டி வழுக்கினால் நல்லது, சொரசொரத்தால் இறக்கு. கையாலேயே கண்டுபிடிக்கிறாள்.

சொல்லவில்லை. சரியா தப்பா, தெரியவில்லை. வெள்ளி வரை நான் அடுப்பங்கரையை விட்டு நகர்வதில்லை என்று மட்டும் முடிவு.

மதியம் மறுபடி சோதனை. வீடியோவில் ஏதோ காய்ந்த இலை போடுகிறார்கள். பீட்சாவோடு சின்னப் பொட்டலத்தில் வருமே, அந்த ஜாதி. கேண்டீன் பின்னால் எண்ணெய் டின்னில் வளரும் ஓமவல்லியைப் பறித்துவந்து, அதையும் ஒரு பீட்சா பொட்டலத்தையும் என்னிடம் நீட்டினாள்.

"மோந்து பாருக்கா. ரெண்டும் எவ்ளோ கிட்ட கீது? பக்கத்து ஊடா, பக்கத்து ஊரா?"

"பக்கத்து ஊடு."

"அப்ப போதும். சூடு காட்டி கொறைக்கலாம்."

தவாவில் ஒரு நொடி வாட்டி, தூள் தூளாக அரிந்தாள். "இப்போ?" என்றாள். "கொஞ்சம் தூக்கலா கீது" என்றேன். பாதியை ஒதுக்கினாள். "இப்போ?" ஐந்து தடவை. நான் சொல்வதை அவள் கை கேட்கிறது. இத்தனை நாள் என் மூக்குக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரியாது.

ஆறாவது தடவை சாப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று எடுத்தேன். "இன்னாக்கா, சொல்லு சொல்லு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஜூலை 18, வெள்ளி

காலில் வீக்கம். ஆனாலும் எழுத வேண்டும்.

எண்பது முட்டை. முதலில் எல்லாவற்றையும் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். மூன்று மிதந்தது, தூக்கிப் போட்டாள். "உடச்சி மோந்து பாக்க எனக்கு முடியாது. தண்ணி பொய் சொல்லாது." வேகும்போது முதல் ஐந்து நிமிடம் மெல்லக் கிளறிக்கொண்டே இருந்தாள், மஞ்சள் நடுவில் உட்காருவதற்காம். ஐஸ் தண்ணீர். தண்ணீருக்குள்ளேயே உரிப்பு. இரண்டு பிய்ந்தது. எழுபத்தைந்தை நூலால் அறுத்தாள். கத்தி என்றால் மஞ்சள் ஒட்டுமாம். நூற்றைம்பது பாதி, ஒன்றுகூடக் கோணல் இல்லை.

நான் முகர்ந்தது: தயிர் 11.10, சுட்ட மிளகாய் 12, பிசைந்தது 2.15, மறுபடி 2.40. எல்லாம் சரி.

பால் கவரின் முனையை வெட்டிக் கோன் செய்து, கோலம் போடுகிற கையால் நிரப்பினாள். மேலே சிவப்பாக மிளகாய் எண்ணெய் ஒரு சொட்டு, வாட்டிய சோள முத்து ஒன்று, கொத்தமல்லி ஒரு இலை. தட்டில் அடுக்கியதும் கேண்டீன் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். யாரும் தொடவில்லை.

நான்கு மணி. மூன்று பேரில் மூத்தவர் மார்த்தா என்ற அம்மா, இன்ஜினியர், ஐம்பது வயதிருக்கும். ஒன்றை எடுத்தார். சமோசாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்று. மூன்றாவது எடுத்தபடி யார் செய்தது என்று கேட்டார். கோகுல் சார் சுகுணாவைக் கூப்பிட்டு, அவர் பேசுவதைத் தமிழில் சொன்னார்.

"அவங்க ஊர்ல இத செய்யறதே இல்லயாம். ஆனா செஞ்சா இப்பிடித்தான் செய்யணும்னு சொல்றாங்க."

கூட்டம் சிரித்தது. சுகுணாவும். பிறகு அந்த அம்மா கைப்பையைத் திறந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த இலைப் பொட்டலம். தங்கும் இடத்தில் தானே சமைக்க எடுத்து வந்ததாம். அதைப் பிரித்து, உள்ளங்கையில் தேய்த்து, சுகுணாவின் மூக்கருகே நீட்டினார். அவள் முகத்தில் என்ன தெரியப் போகிறது என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரு தலையாட்டல் போதும். நான் உள்ளுக்குள் கும்பிட்டேன், ஆட்டிவிடு சுகுணா, ஆண்டவரே ஆட்டிவிடச் சொல்லும் என்று.

அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எனக்கு வாசன தெரியாதும்மா. ஒரு வருசமாச்சி. இவங்கதான் எனக்கு மோந்து சொன்னாங்க." என்னைக் காட்டினாள்.

கோகுல் சார் மொழிபெயர்க்க வாயெடுத்து நின்றுவிட்டார். பின்னால் சம்பத் சார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. கடைசியில் கோகுல் சார் மெதுவாகச் சொன்னார். மார்த்தா அம்மா கேட்டது ஒன்றுதான்: அப்படியென்றால் எப்படிச் செய்தாய்? சுகுணா சொன்னாள். சத்தம், கை, தண்ணீர், நாக்கில் எரிச்சல், அக்கா. அந்த அம்மா முழுவதும் கேட்டார். பொட்டலத்தை மடித்து அவள் கையில் வைத்து மூடினார். பிறகு தட்டுக்குப் போய் இன்னொரு முட்டை எடுத்தார்.

நூற்றைம்பதில் மிச்சம் ஒன்றுமில்லை.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன். "தலைய ஆட்டிட்டு போயிருக்கலாமே சுகுணா?"

"ஒரு வருசமா ஆட்டிக்கினுதான் கீறேன். மோந்து பாத்தா மாதிரி, நல்லா கீதுன்ற மாதிரி. மூஞ்சி வலிக்கிதுக்கா. அந்தம்மா அவ்ளோ ஆசையா நீட்டறாங்க, அவங்ககிட்ட போயி எப்பிடி நடிக்கிறது?"

நாற்பத்தைந்து வயதில் இவ்வளவு தைரியம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஜூலை 19, சனி

தூறல். பத்து மணிக்குச் சம்பத் சார் அறை. இருவரையும் நிற்கவைத்தே பேசினார்.

"எப்போலருந்து தெரியும் மேடம்?"

"புதன் கிழமை சார்."

"நாலு நாளு. நீங்க படிச்சவங்க. கேஸ் இருக்கற எடம். ஏதாவது ஆயிருந்தா?"

அவர் சொன்னது நியாயம். தலை குனிந்து நின்றேன். "அவங்கள திட்டாதீங்க சார், நான்தான் கெஞ்சினேன்" என்றாள் சுகுணா. கெஞ்சவே இல்லை இவள். சோப்புத் தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். தினமும் பார்த்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதியிருக்கிறாள், போன ஆடியிலிருந்து. எனக்கே தெரியாது. சம்பத் சார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கம்பெனி சேஃப்டி ஆபீசரைக் கேட்காமல் முடிவு சொல்ல முடியாது, அதுவரை அவள் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

கேட் வரை கூடப் போனேன். குடை இல்லை இருவருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச். சுகுணாவுக்காக ஜெபம்.

வீட்டில் அந்த முட்டையைச் செய்து பார்த்தேன். மஞ்சள் ஒரு பக்கமாக ஒதுங்கி, வெள்ளை கிழிந்து, அலங்கோலம். மூக்கு இருந்து என்ன. டேனியல் நான்கு சாப்பிட்டுவிட்டு, "முட்ட பொரியல் நல்லா கீது" என்றார். திருமணமாகி இருபது வருடம்.

மாலை சுகுணா போன். "ஊட்ல உக்காந்துகினு இன்னா பண்றதுன்னே தெரியலக்கா. நாளைக்கி சாம்பாரு யாரு வெக்கிறா?"

ஜூலை 21, திங்கள்

சாம்பார் நான்தான் வைத்தேன். உப்பு அதிகம். புகார் நோட்டில் இரண்டு.

மூன்று மணிக்குச் சேஃப்டி ஆபீசர், சம்பத் சார், கோகுல் சார், நான். சுகுணாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். ஆபீசர் அவள் நோட்டை முன்னமே படித்திருக்கிறார். "மூக்கு இருக்கறவங்க யாரும் இப்படி எழுதலயே" என்றார் சம்பத் சாரிடம். முடிவு: மாஸ்டராகவே தொடரலாம். அடுப்பங்கரையிலும் சிலிண்டர் அறையிலும் கேஸ் அலாரம். மூக்கு டாக்டரிடம் மறுபடி காட்டி லெட்டர். ஒவ்வொரு வேளையும் பரிமாறும் முன் வேறொருவர் முகர்ந்து, ருசித்து, கையெழுத்துப் போட வேண்டும்.

"மதியம் சரி. காலை நாஷ்டாவுக்கு? அஞ்சரைக்கே அடுப்பு பத்த வைக்கறாங்களே, அப்போ யாரு?" என்றார் ஆபீசர்.

நான் கையைத் தூக்கினேன்.

சுகுணா என்னைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

டேனியலிடம் சொன்னேன். "நாலு மணிக்கா எந்திரிப்ப? பேஜாரா கீது போ" என்றார். பிறகு எழுந்துபோய் சைக்கிளுக்குக் காற்று அடித்தார், பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவிட.

நாளை நாஷ்டாவுக்குப் பொங்கல். மிளகு, சீரகம், நெய்.