அம்மனுக்கு மூன்று தண்ணீர்

ஆடி 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் நடிப்பு, வரவில்லை.

உத்திரமேரூரிலிருந்து பஸ், பிறகு நடை. அம்மன் கோயில் சுவர். பழைய ஓவியம் உதிராமல் இருக்க எந்தப் புண்ணியவானோ ஒரு காலத்தில் வஜ்ஜிரப் பசை பூசியிருக்கிறான். அதன்மேல் விளக்குப் புகை. அம்மன் இருக்கும் இடத்தில் இப்போது காப்பிக் கறைபோல் ஒரு பழுப்பு. ஓவியத்தைச் சுத்தம் செய்ய நான் கொண்டுவந்திருக்கும் பாக்டீரியா பசையைத் தின்னும், வண்ணத்தைத் தொடாது. இதைத் தர்மகர்த்தாவுக்குப் பலமுறை விளக்கியாயிற்று. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருப்பதால் எல்லாம் தெரிந்தவர்.

ஓரத்தில் சோதனை. பாதம் வந்துவிட்டது! மெட்டி, செம்பஞ்சு, எல்லாம் நேற்று தீட்டினாற்போல். தர்மகர்த்தா எட்டிப் பார்த்தார். "கால் நல்லாதான் கீது. காலுக்கா மேடம் சூடம் காட்டுவாங்க? வெள்ளிக்கெழமைக்குள்ள மூஞ்சி தெரியணும். இல்லன்னா நம்ம மச்சான் பெயிண்ட் அடிச்சுடுவான்."

மச்சான் எனாமல் டப்பாக்களை இறக்கிவிட்டுப் போனார். ஒன்று ரோஸ். கடவுளே.

ஆடி 4, புதன்

வாங்க: பஞ்சு, பிளாஸ்டிக் தாள், கொசுவர்த்தி. நாஷ்டாவுக்கு ஏதாவது (இட்லி வேண்டாம், கல்).

முகத்தில் பாக்டீரியா ஜெல். சுவர் மேடுபள்ளம், பரப்பினால் ஒட்டாது. சின்னச் சின்ன வட்டமாக வைத்தேன். இடது கண், கன்னம், நெற்றி. வலது கண்ணுக்கு வருவதற்குள் ஜெல் தீர்ந்தது. நாளை. காலை வரை யாரும் தொடக்கூடாது என்று பூசாரியிடம் சொன்னேன். தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

வாசலில் இரண்டு பெண்கள்.

"இன்னாடி இது, மூஞ்செல்லாம் முத்து முத்தா கீது?"

"அந்தம்மா கிருமி வெச்சிக்கினு கீதாம்."

"ஐயோ, ஆத்தாளுக்கே அம்மை போட்டுட்ச்சா!"

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஆடி 5, வியாழன்

மூடர்கள். மூடர்கள்.

அம்மை இறங்கினவருக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதை அம்மனுக்கு ஊற்றியிருக்கிறார்கள். நான் வருவதற்குள், குடம் குடமாக, பூசாரி தலைமையில். ஜெல் முழுக்கத் தரையில். சுவர் ஊறி, கன்னத்து வண்ணம் செதில் செதிலாக எழும்பி நிற்கிறது.

ஆனால் இடது கண் திறந்திருக்கிறது. பசையைத் தின்று முடித்துவிட்டுத்தான் செத்திருக்கின்றன என் பிள்ளைகள். மையிட்ட கண். அழுதேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஊரே கூடிவிட்டது. "மஞ்சத்தண்ணி பட்டதும் ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" தர்மகர்த்தா, தானே பெற்றாற்போல் மார்பை நிமிர்த்திக்கொண்டு. கண் திறந்த அம்மன்மேல் பெயிண்ட் அடிக்கக்கூடாதாம். டப்பாக்கள் திரும்பிப் போயின. அப்பாடா என்றிருந்தது.

அதற்குள் பூசாரி: "மூணு தண்ணி ஊத்தணும்மா, அதான் மொற. நாளிக்கி ரெண்டாவது. இன்னொரு கண்ணும் தொறந்துடும்."

இன்னொரு தண்ணீர் விழுந்தால் முகமே தரைக்கு வந்துவிடும்.

ஆடி 6, வெள்ளி

மேகமூட்டம். வாசலில் வரிசையாகக் குடங்கள். சுண்ணாம்பு, ஈரம், வண்ணம் என்று தர்மகர்த்தாவிடம் மன்றாடினேன். "நீங்க இன்னா மேடம், சாமிக்கே பாடம் சொல்லிக்கினு. பேஜார் பண்ணாம தள்ளுங்க."

பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். பூசாரி முதல் குடத்தைத் தூக்கினார்.

முனைவர் பட்டம், வெளிநாட்டுப் பயிற்சி, எல்லாம் இருக்கிறது எனக்கு. கொண்டையை அவிழ்த்தேன். தலையைச் சுழற்றினேன். "ஊத்தாதடா! எரியுதுடா!" பூசாரி கையிலிருந்து குடம் நழுவியது. கேவலம், நன்றாகவே ஆடினேன்.

தர்மகர்த்தா நெடுஞ்சாண்கிடையாக என் காலில். "தாயே, இன்னா வோணும் சொல்லு, செஞ்சுடறோம்."

"ஒரு மாசத்துக்கு ஒருத்தனும் என் மூஞ்சிகிட்ட வரக்கூடாது. ஒடம்பெல்லாம் ஈரம். ரெண்டு ஃபேன் வையி" என்றேன்.